பள்ளி மூடிய காலத்தில் பாலியல் நலப் பாடம் நடத்துவது எப்படி?

தமிழ்நாட்டில் 2020 மார்ச் 17ஆம் தேதி மூடிய பள்ளிக்கூடம், 8ஆம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்கு மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1ஆம் தேதி. இடையில் 19 மாதங்களுக்கு மேல். 6ஆம் வகுப்பு முழுப்பரீட்சை எழுதாமலே வீட்டுக்குப் போன பிள்ளை, குரல் உடைந்தோ வயதுக்கு வந்தோ 8ஆம் வகுப்பில் திரும்பி வந்து உட்கார்ந்தது. கணக்கும் ஆங்கிலமும் விட்டுப்போனதைப் பற்றி ஊரே பேசியது. உடம்பு மாறுகிற அந்த நேரத்தில் விவரம் சொல்ல ஆளில்லாமல் போனது அந்தக் கணக்கில் ஏறவே இல்லை.

இன்னொரு முறை பள்ளிகள் நீண்ட நாள் மூடினால் என்ன செய்வது என்று தெரிந்துகொள்ள விரும்பும் ஆசிரியர்களுக்கும் தன்னார்வலர்களுக்கும் இது ஓர் அரிச்சுவடி. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் 2020-21 தமிழ்நாட்டிலிருந்து.

பாடம் எதைப் பற்றியது?

பாலியல் கல்வி என்றதும் உடலுறவைப் பற்றிய பாடம் என்று நினைத்துப் பலர் நெளிகிறார்கள். யுனெஸ்கோ 2018இல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டி இந்தப் பாடத்தை எட்டுத் தலைப்புகளாகப் பிரிக்கிறது: உறவுகள், மதிப்பீடுகளும் உரிமைகளும் பண்பாடும், பாலினம், வன்முறையும் பாதுகாப்பும், நலமாக வாழ்வதற்கான திறன்கள், உடலும் வளர்ச்சியும், பாலுணர்வும் பாலியல் நடத்தையும், பாலியல் நலமும் இனப்பெருக்க நலமும். உடலுறவு இதில் ஒரு சிறு பகுதி. அதுவும் வயதுக்கேற்பத்தான் வரும். 5 வயதுப் பிள்ளைக்கு உடல் உறுப்புகளின் பெயரும் 'வேண்டாம்' என்று சொல்லும் தைரியமும் போதும். கருத்தடை பற்றிய விவரமெல்லாம் மேல்வகுப்புக்கு.

பாலினச் சமத்துவம் இதில் எங்கே வருகிறது என்று கேட்கலாம். வீட்டில் ஒரே ஒரு போன். அண்ணனுக்கு ஒரு மணி நேரம், தங்கைக்கு ஒரு மணி நேரம் என்று பிரித்தால் கணக்கு சரியாகத்தான் இருக்கும். ஆனால் தங்கைக்குக் கிடைத்த நேரம் காலை 9 மணி, அவள் பாத்திரம் தேய்க்கிற நேரம் என்றால் அவளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அவள் வேலையைப் பிரித்துக் கொடுத்துவிட்டு நேரத்தைக் கொடுத்தால்தான் அது நியாயம். அந்த வேலை ஏன் அவள் தலையில் விழுந்தது என்று கேட்காமல், உடம்பைப் பற்றி மட்டும் பாடம் நடத்தினால் பாதிப் பாடம்தான் நடக்கும்.

மாறியது பாடம் அல்ல, கேட்கும் இடம்

வகுப்பறைக்குக் கதவு உண்டு. ஊரடங்கில் பெரும்பாலான பிள்ளைகளின் வகுப்பறை ஓர் ஒற்றை அறை வீடு. கட்டிலில் பாட்டி, பக்கத்தில் தம்பி, வாசலில் சித்தப்பா. போன் அப்பாவுடையது, அவர் வேலை முடிந்து வந்த பிறகுதான் கைக்கு வரும். இயர்போன் இல்லாததால் ஸ்பீக்கரில்தான் பாடம். ஆகவே எதைச் சொல்வது என்பதற்கு முன்னால், இது யார் யார் காதில் விழும் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பெருந்தொற்றுக் காலத்தில் நடந்த பிழைகளில் பெரும்பாலானவை இந்தக் கேள்வியைக் கேட்காததால் வந்தவை. வகுப்பறைக்கென்று தயாரித்ததை அப்படியே கூகுள் மீட்டில் ஓட்டினால், பிள்ளைகள் ஒவ்வொருவராக வகுப்பை விட்டு வெளியேறுவார்கள். நெட் போய்விட்டது என்பார்கள். நெட் போயிருக்காது, அப்பா உள்ளே வந்திருப்பார்.

பாடத்தை மூன்றாகப் பிரித்துக்கொண்டால் வேலை எளிது.

எல்லார் காதிலும் விழலாம் என்பது முதல் வகை. சத்துணவு, ரத்தசோகை, ஒருவர் சீக்கிரம் வளர்வதும் இன்னொருவர் மெல்ல வளர்வதும் இயல்புதான் என்பது, வீட்டு வேலைப் பங்கீடு, திருமண வயது, குழந்தைகள் உதவிக்கு அழைக்கும் 1098 என்ற எண். இவற்றைத் தொலைக்காட்சியிலும் வாட்ஸ்அப் குரல்பதிவிலும் தாராளமாகச் சொல்லலாம். கல்வித் தொலைக்காட்சிக்கு நெட் செலவு கிடையாது, பாட்டியும் சேர்ந்து பார்ப்பார், அது நல்லதே. குரல்பதிவு 4 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். தொலைபேசி எண்ணை ஆரம்பத்தில் ஒரு முறை, கடைசியில் ஒரு முறை, எழுதிக்கொள்ளும் வேகத்தில் சொல்லுங்கள்.

தனியாகப் படிக்க வேண்டியது இரண்டாம் வகை. சுயஇன்பம், தூக்கத்தில் விந்து வெளியேறுவது, வெள்ளைப்படுதல், காதல், தொந்தரவு தருகிற உறவுக்காரர் போன்றவை. இவற்றுக்குத் தாளை விஞ்சிய கருவி இல்லை. சார்ஜ் தீராது, ஃபார்வர்டு ஆகாது, ஓசை வராது. ஒரு ஏ4 தாளின் இருபுறமும் அச்சடித்து, பாடநூல் வழங்கும் நாளில் அறிவியல் புத்தகத்துக்குள் வைத்துக் கொடுக்கலாம். உறையில் போட்டு ஒட்ட வேண்டாம். ஒட்டிய உறையைத்தான் வீட்டில் முதலில் பிரித்துப் பார்ப்பார்கள். படங்களைப் புதிதாகப் போடாமல், '10ஆம் வகுப்பு அறிவியல், தாவரங்கள் மற்றும் விலங்குகளில் இனப்பெருக்கம் பாடத்தைப் பார்க்கவும்' என்று பாடநூலையே காட்டுங்கள். யாராவது சண்டைக்கு வந்தால், அரசாங்கப் புத்தகத்தில் இருப்பதுதான் என்ற பதில் கையில் இருக்கும்.

நேருக்கு நேர் பேச வேண்டியது மூன்றாம் வகை. ஊரடங்கிலும் இதற்கு வழி இருந்தது. சத்துணவுக்குப் பதிலாக அரிசி, பருப்பு, முட்டை கொடுத்த நாட்களில் பிள்ளைகளோ அம்மாக்களோ பள்ளிக்கு வந்தார்கள். புத்தகம் வாங்கவும் வந்தார்கள். 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலர் தெருவுக்கே போனார். ஆறேழு பேரை இடைவெளி விட்டு மரத்தடியில் உட்காரவைத்துப் பேசும் 10 நிமிடம், இரண்டு மணி நேர இணைய வகுப்பைவிட மேல். வரிசையில் நிற்கும்போதே கூட்டத்தில் பேசிவிடலாம் என்று நினைக்காதீர்கள். பொருள் வாங்கிய பிறகு, திரும்பிப் போகும் வழியில், தனியே.

பெற்றோரிடம் மறைத்துச் செய்யலாமா? கூடாது. மறைத்தது தெரிந்தால், அந்தப் பிள்ளை அடுத்த வகுப்புக்கு வரவே வராது. முதல் பாடத்துக்கு ஒரு வாரம் முன்பு அம்மாக்களுக்குப் போன் செய்து, என்னென்ன தலைப்பு, எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். 'உங்க பொண்ணுக்கு இதெல்லாம் தெரிஞ்சா ஏமாற மாட்டா' என்ற ஒரு வரிக்கு மறுப்புச் சொல்லும் அம்மாக்கள் குறைவு. அப்பாக்களையும் கூப்பிடுங்கள். போன் அவர்களிடம்தானே இருக்கிறது.

மாதவிடாய்: எண்களோடு சொல்லுங்கள்

'சுத்தமாக இருங்கள்' என்று மட்டும் சொல்லும் பாடத்தால் பயன் இல்லை. எண் வேண்டும். ஒரு மாதவிடாய் தொடங்கிய நாளிலிருந்து அடுத்தது தொடங்கும் நாள் வரை எண்ணினால் பெரியவர்களுக்கு 21 முதல் 35 நாள். வயதுக்கு வந்த முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் 45 நாள் வரை தள்ளிப்போவதும் இயல்பு. ரத்தப்போக்கு 2 முதல் 7 நாள். 15 வயதாகியும் வயதுக்கு வராவிட்டாலோ, வந்த பிறகு 90 நாளுக்கு மேல் நின்றுபோனாலோ, 7 நாளுக்கு மேல் போனாலோ, ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைந்தாலோ டாக்டரைப் பார்க்க வேண்டும். பெருந்தொற்றில் பயம், தூக்கமின்மை, சாப்பாட்டுக் குறைவு, உடல் எடை மாற்றம் எல்லாம் சேர்ந்து பலருக்கு நாள் தவறியது. காரணம் தெரியாத பிள்ளை எதையெல்லாம் நினைத்துப் பயந்திருக்கும்! முதலில் அந்தப் பயத்தைப் போக்குங்கள்.

நாப்கின் கிடைப்பதே 2020இல் பிரச்சினையானது. புதுயுகம் திட்டத்தில் வளரிளம் பெண்களுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, 6 நாப்கின் கொண்ட பாக்கெட் 3 என்று இலவசமாகக் கொடுப்பார்கள். படிக்கிற பெண்களுக்கு அது பள்ளி வழியாகவே வந்தது. பள்ளி மூடியதும் அந்த வழி அடைபட்டது. வருமானம் நின்ற வீட்டில் கடையில் வாங்கவும் காசில்லை. அதனால் பழைய துணிக்குத் திரும்பினார்கள். துணி தப்பில்லை, பயன்படுத்தும் விதம் முக்கியம். பருத்தித் துணி, முதலில் பச்சைத் தண்ணீரில் அலசி, பிறகு சோப்புப் போட்டுத் துவைத்து, வெயில் நேரடியாகப் படும்படி காயவைக்க வேண்டும். வெந்நீரில் போட்டால் கறை பிடித்துக்கொள்ளும். கொடியில் வேறு துணிக்கு அடியில் ஒளித்துக் காயவைப்பதால்தான் ஈரம் நின்று அரிப்பும் தொற்றும் வருகின்றன. ஆண்கள் நாள் முழுக்க வீட்டிலிருந்த ஊரடங்கில் இந்த ஒளித்தல் கூடியது. ஆகவே இந்த வரியைப் பையன்களுக்கும் அப்பாக்களுக்கும் சேர்த்தே சொல்லுங்கள்: அந்தத் துணி வெயிலில் காய்ந்தாக வேண்டும், அதைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். நாப்கினானாலும் துணியானாலும் 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். பயன்படுத்தியதைக் காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போடலாம், கழிப்பறைக்குள் போடக் கூடாது.

நோய்க்காலம் புதுப்புது வதந்திகளையும் கொண்டுவந்தது. 2021 ஏப்ரலில், மாதவிடாய்க்கு 5 நாள் முன்னும் பின்னும் பெண்கள் கொரோனா தடுப்பூசி போடக் கூடாது என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றியது. அது பொய் என்று ஒன்றிய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் மறுத்தது. 15 முதல் 18 வயது வரையுள்ளோருக்குத் தடுப்பூசி தொடங்கிய 2022 ஜனவரியிலும் அதே பயம் பல வீடுகளில் மிச்சமிருந்தது. இப்படி ஒரு வதந்தி வந்தால் மறுநாளே அதை வைத்துப் பாடம் நடத்துங்கள். யார் அனுப்பியது, காரணம் என்ன சொல்கிறது, உடம்பில் எதை எது பாதிக்கும் என்கிறது என்று மூன்று கேள்வி போட்டுப் பிள்ளைகளையே பிரித்துப் பார்க்கச் சொன்னால், அடுத்த வதந்திக்கு உங்கள் உதவி தேவைப்படாது.

பையன்களை யார் கவனிப்பது?

பெண்பிள்ளைக்கு மாதவிடாய் என்ற ஒரு காரணமாவது இருக்கிறது, அம்மாவோ அத்தையோ ஏதாவது சொல்வார்கள். பையனுக்கு வீட்டில் யாரும் எதுவும் சொல்வதில்லை. அவனுடைய ஆசிரியர் ராத்திரி 11 மணிக்கு மேல் டிவியில் வரும் 'வைத்தியர்'தான். கைப்பழக்கத்தால் நரம்புத் தளர்ச்சி வரும், விந்து போனால் ரத்தம் போனது போல, உடனே மருந்து வாங்கு. ஊரடங்கில் தூங்காமல் டிவியும் போனுமாக இருந்த பையன்களிடம் இந்தப் பயம் நன்றாக ஏறியது.

இவர்களுக்கான தாளில் நான்கு செய்தி போதும். பையன்களுக்குப் பருவ மாற்றம் 9 முதல் 14 வயதுக்குள் எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம், நண்பனோடு ஒப்பிட வேண்டாம். தூக்கத்தில் விந்து வெளியேறுவது நோயில்லை. விந்து ரத்தத்திலிருந்து வடிவதில்லை, உடல் அதைத் தொடர்ந்து உண்டாக்கிக்கொண்டே இருக்கும், சுயஇன்பத்தால் நரம்பு தளராது, ஆண்மை போகாது. போனில் பார்க்கிற ஆபாசப் படம் நடிப்பு; அதில் சம்மதம் கேட்கும் காட்சி இருக்காது, அதைப் பார்த்து யாரும் உறவைக் கற்றுக்கொள்ள முடியாது. நான்காவதைக் கண்டிப்போடு சொன்னால் பையன் தாளை மடித்துவிடுவான். சாதாரணக் குரலில் சொல்லுங்கள்.

வேலைக் கணக்கு என்ற வீட்டுப்பாடம்

பாலினச் சமத்துவத்தை ஊரடங்கில் கற்பிக்க ஒரு வசதி இருந்தது: பாடத்துக்கான ஆய்வுக்கூடம் வீடுதான், மாணவர் 24 மணி நேரமும் அதற்குள்ளேயே இருந்தார். 2019இல் இந்தியாவில் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதில் சராசரியாக நாளுக்கு 299 நிமிடமும், ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டார்கள். இந்த எண்ணை வகுப்பில் சொன்னால் தலையாட்டுவார்கள். அவரவர் வீட்டு எண்ணை அவரவரே கண்டுபிடித்தால்தான் உறைக்கும்.

நோட்டில் ஒரு பக்கத்தில் காலை 5 மணி முதல் ராத்திரி 10 மணி வரை மணிக்கு ஒரு கோடு போடச் சொல்லுங்கள், 17 கட்டம் வரும். வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு நிரல். மூன்று நாள், அதில் ஒன்று ஞாயிறு. தண்ணீர் பிடிப்பது, சமையல், துணி, தாத்தாவைக் கவனிப்பது, ஆடு மேய்ப்பது, கூலி வேலை, போன் பார்ப்பது என்று கண்ணில் பட்டதை ஒரு சொல்லில் எழுதினால் போதும். மூன்றாம் நாள் ராத்திரி கூட்டிப் பார்க்க வேண்டும்.

இதில் கெட்டுப்போகும் இடங்கள் தெரிந்தவைதான். 'வீட்டில் யார் வேலை செய்வதில்லை?' என்று கேள்வித்தாளில் போட்டால், அப்பா நோட்டைப் பார்க்கும் அன்று பிள்ளைக்கு அடி விழும். நேரத்தை மட்டும் கேளுங்கள், தீர்ப்பைக் கேட்காதீர்கள். அப்பா வேலை இழந்து வீட்டிலிருக்கும் குடும்பத்தில் அவருடைய நிரல் காலியாக இருப்பது அவருக்குப் பெரிய அவமானம், அதனால் கூலி தேடி அலைந்த நேரத்தையும் வேலையாகவே எழுதச் சொல்லுங்கள். கணக்கு முடிந்ததும், ஒவ்வொருவரும் தன் வீட்டில் ஒரு வேலையை 7 நாளைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். ஆதாரத்துக்குப் போட்டோ கேட்காதீர்கள். கேட்டால் பையன் துடைப்பத்தைப் பிடித்தபடி ஒரு போட்டோ எடுத்துவிட்டு அதை அக்காவிடம் கொடுத்துவிடுவான். அந்த 7 நாளில் எது கஷ்டமாக இருந்தது என்று இரண்டு வரி எழுதச் சொன்னால், செய்தவனுக்கும் செய்யாதவனுக்கும் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். 'அடிப்பிடிச்ச குக்கர்ல கரி போக மாட்டேங்குது' என்று எழுதியவன் தேய்த்திருக்கிறான்.

ஆண், பெண் என்று மட்டும் பேசிவிட்டு இந்தப் பாடத்தை முடிக்கவும் முடியாது. தன் பாலினம் உடம்போடு ஒத்துப்போகாத பிள்ளைக்குப் பள்ளிதான் கொஞ்சம் மூச்சுவிடும் இடம், ஊரடங்கு அதையும் மூடியது. 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், சுஷ்மா வழக்கில், தன்பாலீர்ப்பினரும் திருநங்கை, திருநம்பியரும் படும் கஷ்டத்தை உணர்த்தும் பயிற்சி ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் தேவை என்று சொன்னது. இதற்குத் தனி வகுப்பு நடத்தாவிட்டாலும் பரவாயில்லை. 'பொட்டப்புள்ள மாதிரி அழாதே' என்பது போன்ற பேச்சு உங்கள் குரல்பதிவில் வராமல் பார்த்துக்கொண்டாலே ஒரு பிள்ளை நிம்மதியாக மூச்சு விடும்.

கேள்வி கேட்கும் வழியும் அதில் உள்ள பொறியும்

பிள்ளைகளின் கேள்விதான் இந்தப் பாடத்தின் உயிர். பள்ளியில் கேள்விப்பெட்டி வைப்போம். ஒரே அளவுத் தாள், எல்லாரும் எழுத வேண்டும், கேள்வி இல்லாதவர் 'கேள்வி இல்லை, பாடம் புரிந்தது' என்று எழுதிப் போட வேண்டும். அப்போதுதான் யார் கேட்டார் என்பது தெரியாது. பொருள் வழங்கும் நாளில் இதே பெட்டியை வைக்கலாம்.

இணையத்துக்கு வந்தால் பொறிகள் அதிகம். கூகுள் படிவத்தில் மின்னஞ்சல் முகவரியைச் சேகரிக்கும் அமைப்பை அணைத்துவிட்டு அனுப்புங்கள், இல்லாவிட்டால் அப்பாவின் பெயரோடு மகளின் கேள்வி வந்து சேரும். வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் உள்ள எல்லார் எண்ணும் எல்லாருக்கும் தெரியும். 'அட்மின் மட்டும் அனுப்பலாம்' என்று மாற்றினாலும் எண்கள் மறையாது. பெண்பிள்ளைகளின் எண் அங்கிருந்துதான் வெளியே போகிறது, ராத்திரி தெரியாத எண்ணிலிருந்து ஹாய் வருகிறது. குரூப்புக்குப் பதில் பிராட்காஸ்ட் பட்டியல் போடுங்கள். பள்ளியின் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டுமே பிராட்காஸ்ட் போய்ச் சேரும் என்பதால், முதல் நாளே எல்லாரையும் சேமிக்கச் சொல்ல வேண்டும். செய்தியின் முதல் வரி பூட்டிய திரையிலும் தெரியும். ஆகவே 'அறிவியல் பாடம் 3' என்று தொடங்கி, விஷயத்தைக் கீழே எழுதுங்கள்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது, அதைப் பூசி மெழுக முடியாது. பிள்ளைக்குத் தனிமை வேண்டும். ஆனால் பிள்ளையும் ஆசிரியரும் மட்டும் பேசும் தனி அரட்டை, தொல்லை கொடுக்க நினைப்பவருக்குத் திறந்த கதவு. 2021 மே மாதத்தில், இணைய வகுப்பில் மாணவிகளிடம் தவறாக நடந்த புகாரில் சென்னையில் ஓர் ஆசிரியர் கைதானார். அதையடுத்து, இணைய வகுப்புகளை முழுமையாகப் பதிவு செய்ய வேண்டும், பள்ளியில் ஒரு குழு அவற்றைப் பார்க்க வேண்டும் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. சரியான முடிவு. அதே சமயம், பதிவாகிறது என்று தெரிந்தால் எந்தப் பிள்ளை வாய் திறக்கும்?

இரண்டையும் பிரித்துவிடுவதுதான் வழி. பாடத்தை இரண்டு ஆசிரியர் சேர்ந்து நடத்துங்கள், ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். பதிவு ஓடட்டும், பிள்ளைகளின் கேமராவும் மைக்கும் அணைந்திருக்கட்டும். அந்த வகுப்பில் பிள்ளைகளைக் கேள்வி கேட்கச் சொல்லாதீர்கள். கேள்விகள் பெட்டியிலும் படிவத்திலும் பள்ளிக்குச் சொந்தமான ஓர் எண்ணிலும் வரட்டும். அந்த எண்ணை இரண்டு பேர் சேர்ந்து பார்க்க வேண்டும், மறையும் செய்தி வசதி கூடாது, மாலை 6 மணிக்கு மேல் பதில் கிடையாது. பதில், பெயரில்லாமல், அடுத்த வகுப்பில். ஆசிரியரின் சொந்த எண்ணிலிருந்து ஒரு மாணவிக்கோ மாணவனுக்கோ தனிச் செய்தி போகவே கூடாது. நல்ல எண்ணத்தில் அனுப்பினாலும் கூடாது, அந்த விதி நல்லவருக்கும் சேர்த்துத்தான்.

பாதுகாப்பு: வீட்டுக்குள் இருக்கும் ஆள்

'தெரியாதவர் மிட்டாய் கொடுத்தால் வாங்காதே' என்ற பாடம் ஊரடங்கில் எதற்கும் உதவாது. தெரியாதவர் யாரும் வீட்டுக்கு வருவதில்லை. குழந்தைகள் மீதான பாலியல் குற்ற வழக்குகளில் மிகப் பெரும்பாலானவற்றில் குற்றவாளி பிள்ளைக்குத் தெரிந்தவர்தான். ஆகவே ஆளைச் சொல்லாமல் செயலைச் சொல்லுங்கள்: உள்ளாடை மறைக்கும் இடத்தைத் தொடுவது, அவர்களுடையதைத் தொடச் சொல்வது, படம் காட்டுவது, படம் கேட்பது, 'யாரிடமும் சொல்லாதே' என்பது. யார் செய்தாலும் தப்பு, மாமா என்றாலும் தப்பு.

நம்பிக்கையான ஐந்து பேரின் பெயரை ஐந்து விரலுக்கு எழுதும் பயிற்சியைப் பல இடங்களில் செய்கிறார்கள். அதில் இரண்டு பேராவது அந்த வீட்டில் வசிக்காதவராக இருக்க வேண்டும் என்று சேர்த்துச் சொல்லுங்கள். போனில் பேசும்போது 'வீட்டில் யாராவது தொந்தரவு பண்றாங்களா?' என்று ஒருபோதும் கேட்காதீர்கள். பண்ணுகிறவர் பக்கத்திலேயே இருக்கலாம். 'இப்போ பேச முடியுமா, ஆமா இல்லைன்னு மட்டும் சொல்லுமா' என்று தொடங்குங்கள். 'செயல்தாள் வாங்க ஸ்கூலுக்கு வரணும் மிஸ்' என்று சொன்னால் தனியே பேச வேண்டும் என்று அர்த்தம் எனத் தாளிலேயே முன்கூட்டி எழுதிக் கொடுத்துவிடலாம்.

பிள்ளை சொல்லிவிட்டால்? முழுதாகக் கேளுங்கள், துருவாதீர்கள். 'சொன்னது நல்லது, உன்மேல் தப்பில்லை' என்று சொல்லுங்கள். 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள், காப்பாற்ற முடியாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க வந்த 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 19ஆம் பிரிவின்படி, தெரிந்தவர் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். மறைத்தால் 21ஆம் பிரிவில் 6 மாதம் வரை சிறையோ அபராதமோ உண்டு. பிள்ளை சொன்ன வார்த்தைகளை அப்படியே, தேதி நேரத்தோடு எழுதிவைத்து, 1098க்கோ காவல் நிலையத்துக்கோ அன்றே தெரிவியுங்கள். தலைமையாசிரியர் அறையில் இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசுகிற பஞ்சாயத்து வேண்டாம். ஆபாசப் படமோ வீடியோவோ ஆதாரமாக வந்தால் அதை யாருக்கும் அனுப்பாதீர்கள், அனுப்புவதே குற்றம். போனை அப்படியே போலீசிடம் காட்டுங்கள்.

போலீஸ் என்றதும் பயப்படும் அம்மாவுக்குச் சொல்ல வேண்டியதும் சட்டத்திலேயே இருக்கிறது. வாக்குமூலத்தைப் பிள்ளையின் வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோ வாங்க வேண்டும், முடிந்தவரை எஸ்.ஐ. நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடையில்லாமல். எந்தக் காரணத்துக்கும் பிள்ளையை இரவில் ஸ்டேஷனில் வைக்கக் கூடாது. ஊரடங்கிலும் இது மாறவில்லை.

9ஆம் வகுப்புக்கு மேல் உள்ளவர்களிடம் இன்னொன்றும் பேச வேண்டும். 18 வயதுக்குக் கீழே உள்ளவரின் சம்மதத்தைப் போக்சோ சம்மதமாகவே எடுத்துக்கொள்ளாது. பதின்ம வயதுக் காதலைத் தண்டிக்க வந்த சட்டமில்லை இது என்று 2021 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னாலும், ஓடிப்போன பையன்மேல் வழக்குப் பதிவாவது நிற்கவில்லை. இதை மிரட்டலாகச் சொல்லாமல் தகவலாகச் சொல்லுங்கள்.

திறக்கும் நாளுக்கு முன்

மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோனில் எபோலாவுக்காகப் பள்ளிகள் மூடி 2015 ஏப்ரலில் திறந்தபோது, பதின்ம வயதில் கர்ப்பமான பெண்பிள்ளைகள் ஏராளம். அரசாங்கம் அவர்களைப் பள்ளிக்குள் வரக் கூடாது என்றது. 2019 டிசம்பரில் மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டு நீதிமன்றம் அந்தத் தடை தவறு என்று தீர்ப்பளித்து, 2020 மார்ச்சில்தான் தடை நீங்கியது. கொரோனா காலத்தில் எல்லா நாட்டுக்கும் இந்தப் பாடம் கண்முன்னே இருந்தது. பெருந்தொற்றால் பத்தாண்டில் கூடுதலாக 1 கோடி குழந்தைத் திருமணங்கள் நடக்கக்கூடும் என்று யுனிசெஃப் 2021 மார்ச்சில் எச்சரித்தது.

நம் ஊரில் காரணம் எளிது. திருமணத்துக்கு 50 பேர்தான் என்று கட்டுப்பாடு வந்ததும் கல்யாணச் செலவு குறைந்தது. பந்தலும் மண்டபமும் இல்லாததால் தெருவுக்கே தெரியாமல் முடித்துவிடலாம். பெண்ணும் வீட்டிலேயே இருக்கிறாள், படிப்பு எப்போது தொடங்கும் என்றும் தெரியாது. ஆகவே மூடியிருக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, 8ஆம் வகுப்புக்கு மேலுள்ள ஒவ்வொரு மாணவியிடமும் அவள் குரலையே கேட்டுப் பேசியாக வேண்டும். அப்பாவோ அண்ணனோ 'நல்லா இருக்கா' என்று சொன்னதைக் கணக்கில் எடுக்காதீர்கள். இரண்டு முறை தொடர்ந்து அவளிடம் பேச முடியாவிட்டால், கிராம சுகாதார செவிலியரையோ அங்கன்வாடிப் பணியாளரையோ வீட்டுக்குப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். கல்யாணப் பேச்சு என்று காதில் விழுந்தால் 1098, அல்லது குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலரான மாவட்ட சமூகநல அலுவலர். சொன்னவர் பெயர் வெளியே வராது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்தால், தோழிகளே தகவல் கொடுப்பார்கள்.

பள்ளி திறந்த முதல் வாரத்தில் வராதவர்களின் பட்டியலை வகுப்புவாரியாக எடுங்கள். 'சொந்த ஊருக்குப் போய்விட்டார்கள்' என்று எழுதியுள்ள பெயர்களைத் தனியே குறித்து, எந்த ஊர், யாருடன் என்று விசாரியுங்கள். திருமணமாகியிருந்தாலும் கர்ப்பமாக இருந்தாலும் குழந்தை பிறந்திருந்தாலும் அந்தப் பெயரை வருகைப் பதிவேட்டிலிருந்து அடிக்க வேண்டாம், மாற்றுச் சான்றிதழைத் தூக்கிக் கொடுத்து அனுப்பவும் வேண்டாம். அவள் வந்தால் எந்த வரிசையில் உட்காரவைப்பது, வகுப்பில் யாராவது கிண்டல் செய்தால் யார் கவனிப்பது, தேர்வுக் கட்டணம் எப்படி என்பதையெல்லாம் அவள் வருவதற்கு முன்பே ஆசிரியர் கூட்டத்தில் பேசி முடித்துவிடுங்கள்.